முற்றத்திலே ஒரு படகு

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதை நோக்கிக் கடற்கரையோரமாக நடப்போர், வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். தென்னை நிழலிலும், வேலியோரத்திலும், சில வீடுகளில் முற்றத்தின் நடுவிலேயும் படகுகள் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், தொழில் நின்றுவிடும். படகுக்காரருக்குத் தம் படகை நிதானமாகப் பார்க்க அவகாசம் கிடைப்பது அப்போதுதான். ஆனால் மழையும் அப்போதுதானே கொட்டுகிறது! இந்தப் படகுகளுக்குச் செய்யும் வைத்தியத்துக்கு ஈரமே முதற் பகை. அவகாசம் உள்ளபோது வெயில் இல்லை. வெயில் வந்ததும் கடல் அழைக்கிறது. பழைய படகை வீட்டிலே புதுப்பிக்க முனையும் எவருக்கும் ஏற்படும் முதற் சங்கடம் இதுவே.

'பைபர் போட்டு' என்று நம்மவர்கள் சொல்லும் இந்தப் படகு, கண்ணாடியை நூலாக இழுத்து, அந்நூலை 'ரெசின்' என்னும் பிசினிலே தோய்த்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து ஆக்கப்படுவது. அமெரிக்காவில் ரே கிரீன் என்பவர் 1942ஆம் ஆண்டிலே இவ்வகையில் ஒரு சிறு பாய்ப்படகைக் கட்டினார் என்பர். நம் நாட்டில், நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் தோன்றிய சீநோர் படகுத்தளம் இப்படகுகளைப் பரப்பியதில் பெரும் பங்கு கொண்டது. மரத் தோணிக்குக் கறையானும் உளுப்பும் பகை. இதற்கு அவை இல்லை. ஆகவே, "இது சாகாத படகு" என்றொரு நம்பிக்கை கரையோரமெங்கும் வேரூன்றிவிட்டது.

அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை இக்கரையில் எவரும் மறந்திருக்க முடியாது. இலங்கையிலே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் பதினாயிரத்துக்கும் மேல். நாட்டின் மீன்பிடிப் படகுகளில் முக்காற் பங்களவு அழிந்தோ பழுதடைந்தோ போயின. பின்னர் பல தேசங்களின் தொண்டு நிறுவனங்கள் படகுகளை அள்ளி வழங்கின. அவசரத்திலே கட்டப்பட்டவை பலவும் அவற்றுள் இருந்தன. சில தரங்குறைந்தவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அன்றே எச்சரித்தது. அப்போது கடலில் இறங்கியவற்றுள் எஞ்சியிருப்பவை இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டன. புதிய படகு வாங்குவதோ எளிதன்று. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், ஆகஸ்ட் மாதத்திலே, மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்காரர் பலர் படகைக் கரையேற்றி வைத்தார்கள். அப்படிக் கிடந்த படகுகளை மீண்டும் கடலுக்கு அனுப்புவதா, விறகுக்கும் உதவாத பொருளென்று எறிந்துவிடுவதா என்பதே பல குடும்பங்களின் கேள்வி.

சாய்ந்தமருதில் ஒரு வளவிலே இத்தகைய பதினெட்டு அடிப் படகொன்றைப் புதுப்பிக்கும் வேலையைச் சில நாட்கள் அருகிருந்து பார்த்தேன். படகுக்குரியவர் அறுபதை அண்மியவர்; அயலார் எல்லோருக்கும் 'காக்கா'. உதவிக்கு அவருடைய மருமகன். நான் போன முதல் நாள், காக்கா ஐந்து ரூபாய் நாணயமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு படகின் உடலெங்கும் தட்டிக்கொண்டிருந்தார். சந்தையிலே சட்டி வாங்கும் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பதில்லையா? அதே வித்தைதான். நல்ல இடம் 'டிண்' என்று கணீரென ஒலிக்கிறது. அடுக்குகள் பிரிந்து நீர் புகுந்த இடம் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கிறது. அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மாலையில் எண்ணியபோது பதினொரு வட்டங்கள்!

"பெயின்ட் அடிச்சால் புதுசு மாதிரித்தானே இருக்கும், காக்கா?" என்று கேட்டேன்.

"தம்பி, பெயின்ட் கரையில நிக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும். கடலுக்குத் தெரியாது" என்றார்.

இவ்வகைப் படகுக்கு நோய் வெளியிலன்று, உள்ளேதான் இருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் பின்பலகையைப் பாருங்கள். வெளியே பைபர், உள்ளே ஒட்டுப்பலகை. எஞ்சினைப் பூட்டிய ஆணித்துளை வழியே உப்புநீர் கசிந்து, அந்தப் பலகை ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகிறது. வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் நடுக்கடலில் பலகை பிளந்து, எஞ்சினும் அதைப் பூட்டியிருந்த பகுதியும் ஒருங்கே போய்விட்டால் திறந்த படகிலிருப்போர் கதி என்னாவது? காக்கா பின்பலகையிலே சிறு துளையொன்று இட்டார். வெளிவந்த மரத்தூள் கறுப்பாக, நனைந்த தேயிலைச் சக்கை போன்றிருந்தது. மறுபேச்சின்றி உட்புறப் பைபரை வெட்டித் திறந்து, பலகை முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். வர்ணத்துக்கென ஒதுக்கிய பணம் அன்றே புதிய பலகைக்குப் போயிற்று. அது சரியான செலவு என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாவது நோய் அடிவயிற்றில். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டதெனினும், அதன் வாயை மணல் அடைத்துக்கொள்வது தீராத தொல்லையாகிவிட்டது. கல்முனைக் கரையின் சிறு படகுகள் மணலில் இழுத்தே ஏற்றப்படுகின்றன. ஒவ்வோர் இழுப்பும் அரத்தால் தேய்ப்பதற்குச் சமம். படகைத் தின்பது கடலன்று, கரை!

ஓட்டையை அடைப்பதெப்படி? ஓட்டைமேல் ஒரு துண்டை ஒட்டிவிட்டால் அது சில மாதங்களில் தோலுரிவதுபோல் உரிந்துவிடும். பழைய பைபரில் புதிய பிசின் இரசாயன முறையிற் கலப்பதில்லை. பசைபோல் பற்றிக்கொள்வது மாத்திரமே. ஆகவே பற்றுவதற்கு அகலமான இடம் வேண்டும். சுவரின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்கவேண்டும் என்பது விதி. தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால், ஓட்டையின் விளிம்பைச் சுற்றி 72 மில்லிமீற்றர் சரிவு. 450 கிராம் 'மெட்' ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் தரும். எனவே ஆறு அடுக்கு. அவற்றையும் ஒரே மூச்சில் இடலாகாது. பிசின் உறையும்போது சூடேறும். அடுக்கு மிகுந்தால் சூடும் மிகுந்து வெடிப்புண்டாகும். மும்மூன்றாக இடுவதே நலம். ஒரு சதுர மீற்றர் மெட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், பிசின் போதும். மிகுதியாக ஊற்றினால் பலம் கூடும் என்பது பிழை. பாரம் கூடும், முறியும் தன்மையும் கூடும்.

மருதமுனை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நுட்பம் எளிதில் விளங்கும். மெட் என்பது நறுக்கிய இழைகள் தாறுமாறாகப் பரந்தது. 'வோவன் ரோவிங்' என்பதோ பாவும் ஊடுமாக நெய்யப்பட்ட கண்ணாடித் துணி. பாவின் வழியிலும் ஊட்டின் வழியிலும் அது மிகுந்த பலமுடையது. ஆனால் நெய்த துணிமேல் நெய்த துணியை இட்டால் இடையில் ஒட்டுக் குறையும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெட் அடுக்கு வேண்டும்.

வீட்டிலே செய்யும் வேலையாதலால் தாய்மார் கவனிக்கவேண்டியதும் உண்டு. உறையவைக்கும் திரவம் ஒரு கிலோ பிசினுக்குப் பத்துக் கிராமளவு. நம் வெப்பத்துக்கு அதுவே தாராளம். அது ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை கெடும். உடனே ஓடும் நீரிற் கழுவி வைத்தியரிடம் ஓடவேண்டும். கோபால்ட் என்னும் ஊதாநிறத் துணைத்திரவத்தை இதனோடு நேரே கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். பிசினின் ஆவியும் எரியக்கூடியது; அடுப்பும் சுருட்டும் அருகே ஆகா. தேய்க்கும்போது பறக்கும் தூள், துவைத்த துணியிற் படிந்தால் வீட்டார் யாவரும் சொறிந்துகொண்டிருக்க நேரிடும். காக்கா வீட்டுப் பெண்கள் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டு, கொடிக்கயிற்றை அயல்வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்!

பழுதுபார்ப்பதோடு இரு மாற்றங்களும் செய்தார்கள். அடித்தண்டின் வெளிப்புறத்தே தேய்வதற்கென்றே ஒரு தடித்த பட்டை. அது தேய்ந்தால் மீண்டும் இடலாம், படகுக்குச் சேதமில்லை. மற்றது மிதவை அறை. பைபர் நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. எனவே நீர் நிறைந்தால் மூழ்கவே செய்யும். 200 கிலோ உடலைத் தாங்க 67 லீற்றர், 50 கிலோ எஞ்சினைத் தாங்க 50 லீற்றர், வலையும் பற்றித் தொங்கும் மனிதரும் வேறு. 250 லீற்றருக்குக் குறையாத காற்றறை வேண்டுமென்று மருமகன் கணக்கிட்டார். மீன்பெட்டி செய்யும் வெண்ணுரைப் பலகையை உள்ளே வைக்க எண்ணினார்கள். நல்லவேளையாக ஒரு துண்டிலே பிசினை ஊற்றிப் பார்த்தார்கள். வெந்நீரிற் சீனியாக அது கரைந்துபோயிற்று. பிசின் தின்னாத பொலியூரித்தேன் நுரையையே பின்னர் வாங்கினர்.

வெட்டுவதையும் சுரண்டுவதையும் கூரைக்கடியில் மழைக்காலத்திலேயே முடித்துக்கொண்டு, பிசின் வேலையை மாத்திரம் வெயிலுக்காக வைத்திருந்தார்கள். பெப்ரவரியில் வானம் வெளுத்தது. அயலார் படகுகள் கடலிறங்கிக் கீரியும் சூடையும் கொண்டுவந்தன. காக்காவின் படகு மேலும் மூன்று வாரம் முற்றத்திலேயே காய்ந்தது. அந்த மூன்று வார வருமானம் இழந்த வருத்தத்தை வீட்டார் முகத்திலே கண்டேன், அவரோ அசையவில்லை. பின்னர் படகை நிமிர்த்தி, உள்ளே குடங்குடமாக நீர் நிரப்பி, வெளியே எங்கேனும் கசிகிறதா என்று ஓரிரவு பார்த்தார்கள். கசியவில்லை.

வர்ணம் பூசப் பணம் மிஞ்சவில்லை. சாம்பல்நிறத் திட்டுகள் பதினொன்றும் அப்படியே தெரிய, பதிவு இலக்கம் மாத்திரம் புதிதாக எழுதப்பட்டு, ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் அந்தப் படகு கடலில் இறங்கிற்று.