தாய் மீது விழுந்த பழி!
இரட்டைக் குழந்தைகளால் வெளிவந்த உண்மை

குழந்தைக்கு 3 வயது ஆகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது இல்லை. தாயின் முகத்தைப் பார்ப்பது இல்லை. பேச்சும் வரவில்லை. பொம்மை வண்டியின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு 'ஆட்டிசம்' என்று பெயர்.

"இது யாரால் வந்தது?" என்று கேட்டால், ஒரு காலத்தில் பெற்ற தாயைத்தான் கை காட்டினார்கள். படிக்காதவர்கள் மட்டும் அல்ல. பெரிய பெரிய நிபுணர்களே அப்படிச் சொன்னார்கள்!

ஐஸ் பெட்டி

அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரம் இருக்கிறது. அங்கு லியோ கன்னர் என்ற டாக்டர் இருந்தார். அவர் 1943-ம் ஆண்டில், இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார்.

"இது பிறவியிலேயே உள்ளது" என்றுதான் அவர் முதலில் கருதினார். ஆனால் 1949-ல் அவருடைய பேச்சு மாறியது. பாசம் இல்லாத பெற்றோர், குழந்தையை ஐஸ் பெட்டியில் வைத்ததுபோல வளர்த்தார்கள் என்று எழுதினார்.

சிகாகோ நகரில் இருந்த புருனோ பெட்டல்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போனார். இவர் ஹிட்லரின் சிறை முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். அந்த முகாமின் கைதிகளோடு இந்தக் குழந்தைகளை ஒப்பிட்டு, 1967-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

பெற்ற தாயின் மனம் எப்படித் துடித்து இருக்கும்!

எதிர்த்த தந்தை

அதற்கு முன்பே, 1964-ல், ஒருவர் இதை எதிர்த்து எழுதினார். அவர் பெயர் பெர்னார்டு ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக வேலை பார்த்தவர். அவருடைய சொந்த மகனுக்கே ஆட்டிசம்!

"குற்றம் வளர்ப்பில் இல்லை. மூளை அமைப்பில் இருக்கிறது" என்பது அவருடைய வாதம்.

1969-ல் பெற்றோர்களின் கூட்டம் ஒன்றில் டாக்டர் கன்னர் பேசினார். பெற்றோர்கள் மீது குற்றம் இல்லை என்று அப்போது அறிவித்தார்.

ஆனால் சான்று வேண்டாமா? அது 1977-ல் கிடைத்தது.

இரட்டையர்

சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இரு டாக்டர்கள் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்தது.

இரட்டையரில் இரண்டு வகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு வகை. தனித்தனிக் கருவாக உண்டாகிப் பிறப்பவர்கள் மற்றொரு வகை.

ஒரே கருவில் பிறந்த ஜோடிகள் 11. அவர்களில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த ஜோடிகள் 10. அவர்களில் ஒரு ஜோடியில்கூட இருவருக்கும் இல்லை!

தாயின் வளர்ப்புதான் காரணம் என்றால், இரண்டு வகையிலும் கணக்கு ஒன்றுபோல இருக்கவேண்டும் அல்லவா? எல்லா ஜோடிகளையும் வளர்த்தது, அவரவர் தாய்தானே?

ஒரே கருவில் பிறந்தவர்களுக்கு மரபணுக்களும் ஒன்றே. அங்கேதான் காரணம் ஒளிந்து இருந்தது.

கொத்தனாரும் சாரமும்

மரபணு என்றால் என்ன?

வீடு கட்ட ஒரு 'பிளான்' வேண்டும். உடலைக் கட்டும் 'பிளான்'தான் மரபணுக்கள். மனிதனுக்கு சுமார் 20 ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. பாதி தாய் கொடுத்தது. பாதி தந்தை கொடுத்தது.

மூளையும் இந்த 'பிளான்' படியே வளர்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உண்டாகின்றன. அவை ஒன்றோடு ஒன்று இணைந்தால்தான் பேச்சும் சிந்தனையும் வரும்.

'ஷாங்க்-3' என்று ஒரு மரபணு உண்டு. கொத்தனார் நின்று வேலை செய்யச் சாரம் கட்டுகிறோமே, அதுபோல நரம்பு செல்கள் இணையும் இடத்தைத் தாங்கி நிற்கும் பொருளை இது உண்டாக்குகிறது. இதில் பழுது ஏற்பட்டால், இணைப்பு சரியாக அமையாது. இதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதை, பாரீஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கண்டார்கள்.

'சி.எச்.டி-8' என்பது மேஸ்திரி மாதிரி. எந்த மரபணு எப்போது வேலை செய்யவேண்டும் என்று அது கட்டளை இடும். இதில் பழுது உள்ளவர்களில் பலருக்குத் தலை பெரிதாக இருக்கிறது.

இப்படி ஆட்டிசத்தோடு தொடர்பு உள்ள மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் தெரிந்துவிட்டன. ஒருவருக்கு ஒரு மரபணுவில் பெரிய பழுது இருக்கலாம். மற்றவருக்குப் பல மரபணுக்களில் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து இருக்கலாம். கருவில் இருக்கும்போது ஏற்படும் வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான், ஒரே கருவில் பிறந்த எல்லா ஜோடிகளிலும் இருவருக்கும் ஆட்டிசம் வரவில்லை.

புதுப் பழி வேண்டாம்!

மரபணு என்றதும், "பெண் வீட்டு ரத்தம்" என்று புதுப் பழி போடாதீர்கள்!

சில குழந்தைகளிடம் காணப்படும் பழுது, தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. ஏட்டைப் பார்த்து நகல் எடுக்கும்போது ஓர் எழுத்து மாறிவிடுவதுபோல, கரு உண்டாகும் காலத்தில் புதிதாக ஏற்பட்டது அது. அதை யாரும் தடுத்து இருக்க முடியாது.

ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து கிடையாது. இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

ஒரு வயது ஆகியும் குழந்தை பெயருக்குத் திரும்பவில்லையா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது.

பழி பேசுவதில் போகும் நாட்கள், குழந்தைக்குப் பயிற்சி கொடுக்கவேண்டிய நாட்கள்!