ரேந்தைப் பின்னலும் நூல் சுற்றும் இராட்டையும்

போர்த்துக்கேயர் கீழ்நாடுகளில் விட்டுச் சென்ற சொற்களுள் 'ரெந்தா' என்பது ஒன்று. மலாய் மொழியில் அது 'ரெண்டா' என வழங்குகிறது. தமிழில் 'ரேந்தை' ஆயிற்று. ரேந்தை பின்னும் குச்சியைக் குறிக்கும் 'பில்ரோ' என்னும் சொல்லோ சிங்களத்தில் 'பீரலு' ஆகி, காலி, வெலிகம முதலிய தென்னிலங்கை ஊர்களின் கைவினைக்கே பெயராகிவிட்டது. சொல்லோடு கருவியும் கடல் கடந்து வந்தது. ஆயினும் நெசவாளர் இல்லத்துத் தார் இராட்டையைக் கண்டு பழகிய தமிழர்க்கு அக்கருவியின் நுட்பம் முற்றும் புதிதன்று.

தமிழரிடையே இக்கலை வேரூன்றிய இடம் நாகர்கோவில். இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தாவும் 1819-இல் அங்கு வந்து சேர்ந்தனர். பெண்களுக்கென நடத்திய விடுதிப் பள்ளியில் அம்மையார் இப்பின்னலைக் கற்பித்தார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. சட்டப்படி அது ஒழிந்தது 1855-இல்தான். மாணவியருள் அடிமைகளாயிருந்த சிலர், தாம் பின்னிய ரேந்தைக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைக்கு வாங்கிக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மால்ட்டின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அவரோடு இவ்வேலையும் அவ்வூருக்குச் சென்றது. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழாசிரியர் இலர். அதை எழுதியவர் வாழ்ந்த ஊரில் ரேந்தைக் குச்சிகளின் ஒலியும் கேட்டது என்பதை நினைப்பவர் சிலரே.

ரேந்தைக்குத் தறி இல்லை. வைக்கோல் போன்றவற்றை இறுகத் திணித்த திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைதோறும் ஊன்றும் குண்டூசி, நூல் சுற்றிய குச்சிகள், இவ்வளவே. குச்சிகள் இணை இணையாகவே இயங்கும். ஒரே நூலின் இரு முனைகளையும் இரு குச்சிகளில் சுற்றி, நடுவில் முடிச்சின்றி ஊசியில் தொங்கவிடுவர். நான்கு குச்சிகளை எடுத்து, நடு இரண்டில் இடத்தை வலத்தின்மேல் கடத்துவது ஓர் அசைவு. இரு பக்கத்து இணைகளிலும் வலத்தை இடத்தின்மேல் முறுக்குவது மற்றோர் அசைவு. எத்துணை நுண்ணிய பூவேலையும் இவ்விரண்டு அசைவுகளின் கோவையே. பின்னலில் ஒவ்வோர் இழையும் தனித்துத் தெரிவதால், நூலில் நேர்ந்த குறையை மறைக்க வழியில்லை.

ஆதலால்தான் நூல் சுற்றும் வேலையைச் சிறிதாக எண்ணலாகாது. குச்சியை அசையாமல் பிடித்து, நூலை அதன்மேல் கையால் வளைத்து வளைத்துச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் நூலின் முறுக்கு ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். முறுக்குக் குறைந்த நூல் பிசிர்விட்டு மங்கும். மிகுந்த நூல் சுருண்டு மடங்கும். குச்சியே தன் அச்சில் சுழன்று நூலை ஏற்றால் இக்குறை நேராது. இராட்டை செய்யும் நன்மை இதுவே. விரைவு அதற்கு அடுத்ததுதான்.

பெரிய சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ., வார் பூட்டிய சிறு உருளையின் விட்டம் 3 செ.மீ. என்று கொள்வோம். கைப்பிடி ஒருமுறை சுழலக் குச்சி 5 முறை சுழலும். குச்சியின் கழுத்து 5 மி.மீ. பருமனாயின், ஒரு மீட்டர் நூலுக்கு ஏறத்தாழ 64 சுற்று வேண்டும். கைப்பிடியை 13 முறை சுழற்றினால் அது முடியும். அடுக்கு ஏற ஏறச் சுற்றின் எண்ணிக்கை குறையும். எனினும், ஓர் இணையின் இரு குச்சிகளிலும் ஒத்த அளவு நூல் ஏற்ற இக்கணக்குப் போதும். (கணக்கு வகுப்பிலும் இதைப் பயன்படுத்தலாம்.)

தார்க்குச்சிக்கும் ரேந்தைக் குச்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாடாவினுள் இருக்கும் தாரிலிருந்து நூல் நுனிவழியே தானே கழன்று வரும். ரேந்தைக் குச்சியில் அவ்வாறு வரவிடலாகாது. தலைப்பகுதியில் ஒரு சுருக்கிட்டு நூலை நிறுத்தி, வேண்டும்போது குச்சியைத் திருப்பி விடுவிப்பர். ஆகவே எல்லாக் குச்சிகளிலும் நூல் ஒரே திசையில் ஏறியிருக்க வேண்டும். சிலவற்றில் திசை மாறிவிட்டால், விரல் பழகிய சுருக்கு அவற்றில் நில்லாமல் நழுவும். நூல் கழுத்தைவிட்டுப் புடைக்கும்படி சுற்றினாலும் சுருக்கு நில்லாது.

இராட்டை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தையன்று, குச்சியைப் பற்றும் வாயை. தம்மிடமுள்ள குச்சி அதில் ஆடாமல் பொருந்த வேண்டும். மேசையில் இறுக்கிப் பூட்டும் அமைப்பும் இன்றியமையாதது. மின்விசையால் ஓடுவனவும் உண்டு. புதியவர்க்கு அவை ஆகா. நூல் அறுந்த பின்னரே கை நிற்கும்.

குச்சிகளும் ஒருதன்மையன அல்ல. இங்கிலாந்தின் ஹானிட்டன் வகைக் குச்சி மெலிந்து வழவழப்பாய் நுனி கூர்ந்திருக்கும். பின்னலின் கண்ணிகளுள் அது நுழைந்து வர வேண்டும். அந்நாட்டு நடுப்பகுதியிலோ குச்சியின் அடியில் கண்ணாடி மணிகளைக் கோத்தனர். அவை எடை சேர்க்கும், குச்சி உருளாமலும் தடுக்கும்; ஆனால் கண்ணிக்குள் சிக்கும். மெல்லிய நூலுக்குக் கனத்த குச்சி ஆகாது, அறுத்துவிடும். தடித்த நூலுக்கு இலேசான குச்சியும் ஆகாது, பின்னல் தொய்யும். எல்லாம் ஒத்த எடையினவாக இருத்தல் அழகைவிட முக்கியம்.

பிரிஞ்சாங் போன்ற மலையூர்ப் பள்ளியில் இக்கைவினையைத் தொடங்க விரும்புவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் மூடுபனியும் ஈரமும் மிகுதி. இரும்புக் குண்டூசி துருப்பிடித்து வெண்ணூலில் கறை வைக்கும். அக்கறை எளிதில் போகாது. பித்தளையோ துருவேறா எஃகோ கொள்வதே தக்கது. ஈரக் கையால் சுற்றிய பருத்தி நூல் காய்ந்தபின் ஒரே இறுக்கத்தில் நில்லாது. சுற்றி முடித்த குச்சிகளைக் காற்றுப் புகாமல் மூடி வைக்கவேண்டும். அதற்கு விலை கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. தேயிலை இருந்த பழைய தகர டப்பாவைத் துடைத்து, மணம் போக வெயிலில் வைத்தெடுத்தால் போதும்.