சந்தமாமா சங்கர்

சந்தமாமா சங்கர் என அறியப்பட்ட கே. சி. சிவசங்கரன் (ஜூலை 19, 1924 – செப்டம்பர் 29, 2020) தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓவியர். சிறுவர் மாத இதழான சந்தமாமாவிலும் அதன் தமிழ்ப் பதிப்பான அம்புலிமாமாவிலும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் படங்கள் வரைந்தார். உருவிய வாளுடன் தோளில் பிணத்தைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தன் படம் இவர் வரைந்தவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. வரைந்தவரின் பெயர் அறியாதவர்கள்கூட அப்படத்தை அறிவர்.

இளமையும் கல்வியும்

தாராபுரம் பகுதியில், இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் உள்ள காரத்தொழுவு இவர் பிறந்த ஊர். 1934இல் குடும்பத்துடன் சென்னைக்கு வந்து பிராட்வே பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியிலும், பின்னர் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். வரலாற்றுத் தேர்வில் விடைகளுக்கு அருகே தொடர்புடையோரின் உருவங்களையும் வரைந்து வைத்ததாக நேர்காணல்களில் கூறியுள்ளார். இவருடைய திறமையைக் கண்ட ஓவிய ஆசிரியர், பட்டப் படிப்புக்குச் செல்லாமல் ஓவியக் கல்லூரியில் சேருமாறு அறிவுறுத்தினார்.

அதன்படி 1941இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் முதல்வராக அப்போது சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி இருந்தார். மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. உடற்கூறு, ஒளிநிழல், துணியின் மடிப்பு ஆகியவற்றை நேரில் பார்த்து வரையும் பயிற்சி அக்காலக் கலைப் பள்ளிகளின் அடிப்படைப் பாடம். சங்கரின் பேய்களும் அரக்கர்களும்கூட எலும்பும் தசையும் உள்ள உடல்களாகத் தோன்றுவதற்கு இப்பயிற்சியே காரணம் எனலாம்.

இதழ்ப் பணி

படிப்பை முடித்து 1946இல் கலைமகள் இதழில் மாதம் 85 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். பெரிய குடும்பத்தைத் தாங்க அது போதவில்லை. எனவே பிற இதழ்களுக்கும் வரைந்து கொடுத்தார். 1952இல் சந்தமாமாவின் உரிமையாளர் பி. நாகிரெட்டி இவரை மாதம் 350 ரூபாய்க்கு அழைத்துக்கொண்டார்.

சந்தமாமாவை நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கினர். திரைப்படத் துறையில் விஜயா நிறுவனத்தின் பெயருடன் அறியப்பட்டவர்களும் இவ்விருவரே. 1949இல் கன்னடம், இந்தி ஆகிய மொழிகளிலும் 1955இல் ஆங்கிலத்திலும் இதழ் வெளிவரத் தொடங்கியது. பிற மொழிகள் அதன் முன்னும் பின்னும் சேர்ந்தன. இவை அனைத்தும் சென்னை வடபழனியிலேயே உருவாயின.

சங்கர் சேர்ந்தபோது 'சித்ரா' என்னும் பெயரில் வரைந்த டி. வி. ராகவன் அங்கு மூத்த ஓவியராக இருந்தார். அட்டைப்படங்களுக்கு 'வபா' எனப்பட்ட வட்டாதி பாப்பையா பெயர்பெற்றவர். மாயாஜாலத் தொடர்கதைகள் பெரும்பாலும் சித்ராவின் பங்காக இருந்தன. இதிகாச, புராணக் கதைகளில் சங்கர் சிறந்து விளங்கினார்.

படங்களின் அமைப்பு

சந்தமாமாவின் கதைகளைச் சரியான பொருளில் சித்திரக்கதை என்று கூற இயலாது. கட்டங்கள் வரிசையாகச் செல்வதும், பேச்சு குமிழ்களுக்குள் இருப்பதும் சித்திரக்கதையின் இயல்பு. இங்கோ கதை உரைநடையில் செல்லும். பக்கத்தின் ஒரு பகுதியைப் படம் பிடித்துக்கொள்ள, எழுத்து அதனை ஒட்டி நிற்கும். இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரே படம் பல மொழிப் பதிப்புகளில் அச்சாக வேண்டும். எழுத்து படத்திற்கு வெளியே இருந்தால் மொழிக்கு ஏற்ப அதை மட்டும் மாற்றினால் போதும். படத்தைத் தொட வேண்டியதில்லை.

இதனால் ஓவியரின் சுமை கூடுகிறது. பேச்சுக் குமிழ் இல்லாத படத்தில் யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார் என்பதை உடல் நிலையாலும் முகத்தாலும் மட்டுமே காட்ட முடியும். எந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கும் அது புரிய வேண்டும். உடையும் கட்டடமும் ஒரு வட்டாரத்திற்கே உரியனவாகவும் இருத்தல் ஆகாது. சங்கரின் அரசவைகள், கோட்டை மதில்கள், கிராமத் தெருக்கள் எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் தன் பாட்டி சொன்ன கதையில் வரும் ஊராகத் தோன்றியது இவ்வாறே.

விக்கிரமாதித்தனும் வேதாளமும்

இக்கதைகளின் மூலம் சமசுகிருதத்தில் உள்ள வேதாள பஞ்சவிம்சதி. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் இவை இடம்பெறுகின்றன. மரத்தில் தொங்கும் பிணத்தை அரசன் பேசாமல் சுமந்து செல்ல வேண்டும். பிணத்துள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி இறுதியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடித்துவிடும். பேசினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்திற்குத் திரும்பிவிடும். வடமொழியில் அது சிம்சபா மரம். தமிழில் முருங்கை மரமாயிற்று.

மூலநூலில் கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் அரசன் மௌனமாகிவிடுவதால் கதை முடிவுக்கு வரும். சந்தமாமாவில் அது முடியவில்லை. மூலக்கதைகள் தீர்ந்த பின் வேறு கதைகளையும் புதுக் கதைகளையும் இதே சட்டத்துள் பொருத்திப் பல்லாண்டுகள் வெளியிட்டனர். ஆகவே மாதந்தோறும் அரசன் அதே சுடுகாட்டில் நடந்தாக வேண்டியிருந்தது. கதைகள் மாறினாலும் மாறாமல் நின்றது சங்கரின் தொடக்கப் படமே. நிமிர்ந்த நடை, பின்னால் தொங்கும் பிணத்தின் நீண்ட வெண்முடி, தரையில் மண்டையோடுகள். அச்சம் சுற்றிலும் உள்ளது, அரசனின் முகத்தில் இல்லை.

இதழின் முடிவு

தொழிலாளர் சிக்கல்களால் 1998இல் நின்ற சந்தமாமா 1999 இறுதியில் மீண்டும் வந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் நிறுவனம் அதனை வாங்கியது. அதன் காலத்தில் பழைய இதழ்கள் மின்வடிவில் இணையத்தில் கிடைத்தன. நிறுவனம் நொடித்தபின் இதழும் 2013 அளவில் நின்றது. இணையத் தொகுப்பும் மறைந்தது. எனவே சங்கரின் படங்களில் பெரும்பகுதியை இன்று காண்பதற்குத் தனிப்பட்ட வாசகர்கள் பாதுகாத்த பழைய இதழ்களும் அவர்கள் வருடி வைத்த படிகளுமே துணை.

மாதச் சம்பளத்திற்கு வரைபவரின் படைப்பு யாருக்கு உரியது என்னும் வினா வேறு நாடுகளிலும் எழுந்ததே. அமெரிக்காவில் பல புகழ்பெற்ற நாயகர்களை உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பி, தாம் வரைந்த மூலத் தாள்களைத் திரும்பப் பெற 1980களில் மார்வெல் நிறுவனத்துடன் போராட நேர்ந்தது. சங்கர் அத்தகைய பூசல்களுக்காக அறியப்பட்டவர் அல்லர். 2012 வரை சந்தமாமாவுக்கு வரைந்த இவர், பின்னர் இராமகிருஷ்ண மடத்தின் தமிழ் மாத இதழான இராமகிருஷ்ண விஜயத்திற்கும் வரைந்தார். அப்போது இவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

மறைவும் விருதும்

முதுமையில் குன்றத்தூருக்கு அருகிலுள்ள ஐயப்பன்தாங்கலில் வசித்துவந்த சங்கர், செப்டம்பர் 29, 2020 அன்று தம் 96ஆம் வயதில் காலமானார். சந்தமாமாவின் தொடக்ககால ஓவியர் குழுவில் எஞ்சியிருந்தவர் இவர் ஒருவரே. இந்திய அரசின் பத்மசிறீ விருது இவருக்கு அடுத்த ஆண்டு, 2021 சனவரியில், மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.