வெறுங்காலும் பூட்ஸ் காலும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கால்பந்தாட்டத்தில் நாட்டமுள்ள நண்பர்கள் ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள். கல்கத்தாவில் பூட்ஸ் அணியாத வங்காள இளைஞர்கள், பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படைவீரர்களைத் தோற்கடித்துக் கேடயத்தை வென்றார்கள் என்பதே அக்கதை. மோகன் பகான் என்ற அந்த அணியின் பெயரை எட்டாம் வகுப்பில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் வாயிலாகத்தான் முதன்முதலில் அறிந்தேன். இடம் எங்கள் ஊர் ஏரி. கோடையில் ஏரி வற்றினால்தான் எங்களுக்கு மைதானம். ஒருவன் காலிலும் பூட்ஸ் கிடையாது. "நீங்களும் அவங்க மாதிரிதாண்டா" என்றார் ஆசிரியர். அன்று முழுவதும் எங்கள் கால் தரையில் பாவவில்லை.

கல்லூரிக்கு வந்த பிறகு அந்தக் கதையின்மேல் எனக்குச் சிறிது கோபம் உண்டாயிற்று. சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. பூட்ஸ் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது, அது விதி. மூன்றாமாண்டு அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கி, நுனியில் செய்தித்தாளைத் திணித்து மாட்டிக்கொண்டேன். என் காலை யாரோ கழற்றி வைத்துவிட்டு வேறொருவர் காலைப் பொருத்தியது போலிருந்தது. பந்து எங்கே படுகிறது என்பதே தெரியவில்லை. இடைவேளையோடு என்னை வெளியே அழைத்துவிட்டார்கள். விடுமுறையில் அப்பாவிடம் பூட்ஸ் வாங்கவேண்டும் என்று சொன்னபோது, "ஏம்பா, முள்ளு குத்தாம இருக்கத்தான் செருப்பு. பந்து ஒதைக்க எதுக்கு அத்தனை வெலையில ஒண்ணு?" என்றார். அவர் கேட்டதில் குற்றமில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பூட்ஸின் விலையோ அவருடைய ஒரு வாரக் கூலி.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. மோகன் பகான் அணியினர் பூட்ஸ் இல்லாததால் வென்றார்களா? அல்லது பூட்ஸ் இல்லாதபோதிலும் வென்றார்களா? இரண்டும் ஒன்றல்ல. நூலகத்தில் தேடிப் படித்ததையும், நான் படிக்கும் இயற்பியலைக் கொண்டு நானாகப் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கேடயம் என்று நாம் சொல்வது ஐ.எஃப்.ஏ. கேடயம். இந்தியக் கால்பந்துச் சங்கம் என்ற பெயரில் கல்கத்தாவில் 1893இல் தோன்றிய அமைப்பு அதே ஆண்டில் இப்போட்டியைத் தொடங்கியது. 1910 வரை கேடயத்தை வென்றவர்கள் எல்லாரும் ஆங்கிலேயப் படைப்பிரிவினர் அல்லது ஐரோப்பியர் மன்றத்தினர். 1908, 1909, 1910 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது கார்டன் ஹைலாண்டர்ஸ் என்னும் படை அணி.

இந்தியர்கள் அதற்கு முன் வென்றதே இல்லை என்று எண்ணவேண்டாம். 1892இலேயே சோவாபஜார் மன்றம் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவைத் தோற்கடித்தது. 1889இல் தோன்றிய மோகன் பகான் முதல் சில ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை. அதன் செயலாளராகச் சைலேன் பாசு வந்த பின்புதான் நிலை மாறியது. அவர் படையில் சுபேதார் மேஜராக இருந்தவர். பந்தை உதைக்கக் கற்றுக்கொள்ளுமுன் ஓடக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற போக்கில், படைவீரர்களுக்குரிய உடற்பயிற்சியை ஆட்டக்காரர்களுக்குப் புகட்டினார். 1905இல் கிளாட்ஸ்டன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், அவ்வாண்டு கேடயம் வென்றிருந்த டல்ஹௌசி அணியை 6-1 என்று மோகன் பகான் வீழ்த்தியது. 1906, 1907, 1908 மூன்றாண்டும் டிரேட்ஸ் கோப்பை அவர்களுக்கே. ஆனால் 1909இல் கேடயப் போட்டியில் நுழைந்து கார்டன் ஹைலாண்டர்ஸிடம் தோற்றார்கள்.

இந்தப் பகுதியைத்தான் எங்கள் ஆசிரியர் சொல்லவில்லை. அவர் சொன்ன கதையில் பதினொருவரும் ஒரு மாலையில் திடீரென்று எங்கிருந்தோ வந்து குதித்தார்கள். உண்மையில் அவர்கள் வந்து சேர ஆண்டுகள் பல ஆயின.

1911இல் அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி. எதிரிக்கு இடையே நழுவி ஓடுவதில் பெயர் பெற்றவர். அவருடைய அண்ணன் விஜயதாஸ் அருகிலேயே ஆடினார். நடு முன்னணியில் அபிலாஷ் கோஷ். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். பின்காவலில் சுதிர் சட்டர்ஜி. அவர் கல்லூரி ஆசிரியர். மாணவரும் ஆசிரியரும் ஒரே அணியில் ஆடியிருக்கிறார்கள் என்பதை நம் விளையாட்டுக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்! மற்றவர்களிலும் மாணவர்கள் உண்டு, அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் உண்டு. ஆடுவதற்காகக் கூலி பெற்றவர் ஒருவரும் இல்லை. படைவீரர்களும் ஆட்டத்துக்கென்று ஊதியம் பெற்றவர்கள் அல்லர் என்பது மெய்தான். ஆனால் மூன்று வேளை உணவும், நாள்தோறும் பயிற்சியும், ஆடுவதற்கு நேரமும் அவர்களுக்குப் படையே தந்தது.

முதலில் செயிண்ட் சேவியர்ஸ் அணியை 3-0 என்றும், அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், பிறகு ரைஃபிள் பிரிகேடை 1-0 என்றும் வென்றார்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 எனச் சமன். மறு ஆட்டத்தில் 3-0. அந்த மறு ஆட்டத்தில் மிடில்செக்ஸின் கோல் காவலர் அடிபட்டார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வெற்றியின் கதையில் இவற்றை மறைப்பது முறையன்று.

1911 ஜூலை 29, சனிக்கிழமை. கல்கத்தா மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு. 1905இல் கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிளந்ததன் வடு ஆறாத காலம் அது. பிளந்த இரு பாதியிலிருந்தும் மக்கள் வந்தார்கள். தனி ரயில்கள் விட்டார்கள். ஆற்றில் கூடுதலாக நீராவிப் படகுகள் ஓடின. கூட்டம் அறுபதாயிரம் என்பாரும் உண்டு, எண்பதாயிரம் என்பாரும் உண்டு. அத்தனை பேருக்கும் களம் கண்ணில் படுமா? பின்னால் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைத் தெரிவிக்கக் காற்றாடிகளைப் பறக்கவிட்டார்களாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இப்படியும் ஓர் ஏற்பாடு! இந்தக் காற்றாடிச் செய்தியைப் படித்தபோது, ஆட்டத்தைக் காட்டிலும் அதையே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். பந்தை ஒரு முறைகூடக் காணாமல், வானத்தைப் பார்த்தே ஓர் ஆட்டத்தைக் கண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கவேண்டும்.

முதல் கோலை அடித்தவர்கள் ஈஸ்ட் யார்க்ஷயர் அணியினர். நேர் உதை ஒன்றை ஜாக்சன் கோலுக்குள் செலுத்தினார். காற்றாடி ஏறியதும் பின்வரிசை எப்படி அடங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில் சிவதாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். பாதுரி உடன்பிறப்பினர் இருவரும் ஆட்டத்தின் நடுவே இடம் மாற்றிக்கொண்டதால் எதிரிகள் யாரைத் தடுப்பது என்று தடுமாறினார்கள் என்று சொல்வதுண்டு. இறுதி விசிலுக்குச் சற்று முன்பு மீண்டும் சிவதாஸ் பந்தைக் கடத்திக்கொண்டு போனார். தாமே அடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்த நேரத்தில் அபிலாஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் அடித்தார். 2-1. கேடயம் முதன்முதலாக ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது.

சரி, காலுக்கு வருவோம். அன்று பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே.

அந்நாளைய பூட்ஸ் இன்று கடையில் தொங்குவது போன்றதன்று. கணுக்காலை மூடும் தடித்த தோல்; அடியில் ஆணி அடித்துப் பொருத்திய தோல் குமிழ்கள். ஒன்று அரைக் கிலோ இருந்ததாக வைத்துக்கொள்வோம். உதைக்கும் கால் இடுப்பு மூட்டைச் சுற்றி ஊசல்போல் ஆடுகிறது. ஊசலின் நிலைமத் திருப்புத்திறன் எடையை மட்டும் பொறுத்ததன்று; அவ்வெடை அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. அதே அரைக் கிலோவை முழங்காலில் கட்டினால் உண்டாகும் தடையைப்போலப் பாதத்தில் கட்டினால் ஏறக்குறைய நான்கு மடங்கு. (எங்கள் துறைப் பேராசிரியர்கள் இந்தத் தோராயக் கணக்கைப் பொறுத்தருள்க.) ஆகவே வெறுங்காலன் காலை விரைவில் வீசலாம், விரைவில் நிறுத்தலாம், சட்டென்று திரும்பலாம். பந்தின் தொடுகையை விரல்களாலேயே உணரலாம். இரவல் பூட்ஸில் நான் இழந்தது இந்த உணர்வைத்தான். குறும்பாஸ் போட்டு நழுவி ஓடும் வங்காள ஆட்டம் இதிலிருந்து பிறந்தது.

இவையெல்லாம் தரை காய்ந்திருக்கும்வரை. ஓடுபவன் முன்னே பாயவேண்டுமானால் தரையைப் பின்னே தள்ளவேண்டும், தரை பிடிகொடுக்கவேண்டும். அப்பிடியைத் தருவது உராய்வு. மழை பெய்தால் பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து உராய்வைக் குறைத்துவிடும். பூட்ஸ்காரனுக்கு அந்தக் கவலை குறைவு. அவனுடைய குமிழ்கள் சேற்றில் இறங்கி மண்ணையே உதைத்துத் தள்ளுகின்றன. போதாக்குறைக்கு அந்நாளையத் தோல்பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். கனத்த பந்தை விரலால் உதைத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். கல்கத்தாவில் கால்பந்துப் பருவமோ மழைப் பருவம்!

இதற்குச் சான்று தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1923இல் மோகன் பகான் மீண்டும் கேடய இறுதிக்கு வந்தது. கோஷ்டா பால் போன்ற பெரும் பின்காவலர் இருந்த அணி. மைதானம் முழுதும் மழைச் சேறு. கல்கத்தா எஃப்.சி. அணி 3-0 என்று வென்றது. 1911க்குப் பிறகு மோகன் பகான் அக்கேடயத்தை மறுபடி வென்றது 1947இல்தான்.

விடையைக் கண்டுபிடித்தவர்கள் வேறொரு கல்கத்தா மன்றத்தினர். 1930களில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அணியினர், காய்ந்த தரையில் வெறுங்காலோடும் ஈரத் தரையில் பூட்ஸோடும் ஆடப் பழகிக்கொண்டார்கள். என்ன எளிய யோசனை! 1934இல் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணி அவர்களே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றார்கள். இவர்கள் பெயரை எங்கள் ஏரியில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. மோகன் பகானின் ஒரு நாள் நினைவில் நிற்கிறது. இவர்களுடைய ஐந்து ஆண்டுகள் நிற்கவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதன் பின்னும் நம்மவர்கள் வெறுங்காலை எளிதில் விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சிடம் 1-2 என்று தோற்றார்கள். நம் பக்கத்துக் கோலை அடித்தவர் தென்னாட்டைச் சேர்ந்த ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 1952 ஹெல்சிங்கியில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்ஸோடு போன 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது.

ஆகவே என் கேள்விக்கு நான் கண்ட விடை இது. 1911இல் வெறுங்கால் ஓரளவு உதவியது, ஓரளவு இடைஞ்சலும் செய்தது. வெற்றியைத் தந்தது சைலேன் பாசுவின் பயிற்சி. கோல் வாங்கிய பின்னும் கடைசி நிமிடங்களில் படைவீரர்களுக்கு ஈடாக ஓட மூச்சு மிச்சமிருந்ததே, அதுதான். எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, "அப்படிச் சொல்லியிருந்தா நீங்க யாரும் ஓடி வந்திருக்க மாட்டீங்களே" என்று சிரித்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வாண்டு விடுமுறையில் செங்கல் சூளையில் வேலை செய்து எனக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டேன். பழகுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. கல்லூரியை விட்டுச் சென்ற அண்ணன்கள் விட்டுப்போன பழைய ஜோடிகள் இரண்டு அறையில் கிடக்கின்றன. குமிழ் தேய்ந்திருந்தாலும் தையல் நன்றாக இருக்கிறது. ஏரி வற்றியதும் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறேன். பதினொரு பேருக்கு இரண்டு ஜோடி. சுதிர் சட்டர்ஜியை நினைத்து, இரண்டையும் பின்காவலர்களுக்கே கொடுப்பதாக எண்ணியிருக்கிறேன்.