ஆறு வாரத் தாய்வீடு

காக்கி கேம்பல் வாத்துக்கு அடைகாக்கத் தெரியாது. நன்றாகத் தீனி வைத்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். இட்ட முட்டையைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி, இந்தியன் ரன்னர் வாத்தை ரூவான் இனத்தோடும் காட்டு வாத்தோடும் கலந்து உருவாக்கிய இனம் இது. 1901 வாக்கில் வெளியே தெரியவந்தது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில், அடையில் உட்காரும் குணம் உதிர்ந்துபோனது. இன்குபேட்டரில் 28 நாள் இருந்து வெளியே வரும் குஞ்சு, தாய் என்று ஒன்றைப் பார்ப்பதே இல்லை.

அந்தக் காலத்தில் கிராமத்தில் இதற்கு அடைக்கோழிதான் வழி. கோழிக்குக் கீழே வாத்து முட்டையை வைத்தால், 21 நாளில் எழுந்திருக்க வேண்டிய கோழி இன்னும் ஒரு வாரம் பொறுமையாகக் கிடக்கும். மணிலா வாத்து மட்டும் வேறு ரகம். 35 நாள் தானே அடை கிடந்து, குஞ்சுகளைத் தானே கூட்டிக்கொண்டு திரியும்.

ஓசூர்க்காரர்களுக்குக் காக்கி கேம்பல் அந்நியமில்லை. பெங்களூரைத் தாண்டினால் ஹெசரகட்டா. அங்கே மத்திய அரசு நடத்தும் கோழியினப் பண்ணை காக்கி கேம்பலையும் வெள்ளைப் பெக்கினையும் வளர்த்துப் பரப்பிய இடம். இந்தப் பக்கம் மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1824-ல் தொடங்கிய கால்நடைப் பண்ணையும் அதே மத்திகிரியில்தான். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளிலோ அசாமிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நாட்டிலேயே வாத்துகள் அதிகம் உள்ள மாநிலங்கள் அவை இரண்டும்தான். அறிவுக்கும் அனுபவத்துக்கும் பஞ்சமில்லாத ஊர். ஆனால் கூடையில் கொண்டுவந்து விற்கும் குஞ்சைக் குழந்தை கேட்டது என்று வாங்கிப்போகிற பலர், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாங்கிய வாரத்திலேயே குஞ்சு செத்துப்போகிறது. இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஓசூர் போன்ற குளிர் ஊரில் முதல் ஐந்தாறு வாரம் வாத்துக் குஞ்சு வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும்; தாய் செய்ய வேண்டிய வேலையை வீடு செய்ய வேண்டும். இறகு முளைத்த பிறகும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அது கொடுமை. வாங்கும் முன்பே இரண்டையும் யோசித்தாக வேண்டும்.

முதலில் சூடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். மார்கழி, தை இரவுகளில் பெரியவர்களே ஸ்வெட்டர் தேடும் ஊரில், பஞ்சு போன்ற தூவி மட்டுமே உடுத்திய குஞ்சு என்ன செய்யும்? முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்கு மேல் எல்இடி பல்பைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சு காயும் அளவுக்குச் சூடு தராது. பழைய குண்டு பல்ப் வேண்டும்; 60 வாட் போதும். அதை ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. அட்டைப் பெட்டிக்குள் விழுந்தால் தீப்பிடிக்கும். கம்பியில் கட்டி, வலை போட்டு மறைக்க வேண்டும். கரன்ட் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

தரை விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. இப்போதைய வாடகை வீடுகளில் எல்லாம் டைல்ஸ். வழுக்கும் தரையிலும் செய்தித்தாளிலும் நடக்கப் பழகும் குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். முதல் சில நாள் பழைய பருத்தித் துணி, பிறகு உமி. ஈரமானால் உடனே மாற்றிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. வாத்துதானே என்று முதல் நாளே பக்கெட்டில் மிதக்க விடுகிறார்கள். தாயோடு நீந்தும் குஞ்சு, நனைந்தால் அவள் இறக்கைக்குள் புகுந்து காய்ந்துகொள்ளும். இன்குபேட்டர் குஞ்சுக்கு அந்த இறக்கை இல்லை. நனைந்த தூவியோடு குளிரில் நின்றால் சில மணி நேரத்தில் விறைத்துப்போகும். குடிக்கும் கிண்ணம் மட்டும் மூக்குத் துவாரம் முங்கும் ஆழத்தில் இருக்கட்டும்; மூக்கையும் கண்ணையும் கழுவாமல் வாத்தால் நலமாக இருக்க முடியாது. உள்ளே விழுந்து மூழ்காதபடி கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். தீனி வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தீனியில் எனக்குக் கவலை தருவது கடலைப் புண்ணாக்கு. நிலக்கடலை விளையும் மாவட்டம் இது. மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கில் ஒரு கை எடுத்துக் குஞ்சுக்கும் போடுவது இயல்பாக நடக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப்போனதில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். வாத்துக் குஞ்சின் ஈரல் இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும். அதனாலேயே, ஒரு தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க அந்தக் காலத்தில் ஒருநாள் வயது வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். பூசணம் கண்ட புண்ணாக்கு, மக்காச்சோளம் எதுவும் வேண்டாம். பிரெட், பிஸ்கட்டும் வேண்டாம். கோழிக்குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் தீவனம் நல்லது. ஆனால் நியாசின் என்ற பி வைட்டமின், கோழிக்குஞ்சைவிட வாத்துக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு தேவை. குறைந்தால் கால் வளைந்து, நொண்டி, உட்கார்ந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு பி காம்ப்ளக்ஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம்.

பிறகு துணை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ் 1930-களில் வாத்து, கூஸ் குஞ்சுகளை வைத்துக் காட்டியது பலரும் படித்ததுதான்: பிறந்ததும் கண்ணில் படும் அசையும் உருவத்தைக் குஞ்சு தாயாக ஏற்று அதன் பின்னே நடக்கும். 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றை அறை வீட்டில் இதன் பொருள் வேறு. சமையலறைக்குப் போனாலும் கதவைத் திறந்தாலும் குஞ்சு காலடியில் நிற்கும்; மிதிபடும், கதவிடுக்கில் சிக்கும். ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் நாள் முழுக்கக் கத்தும். அதனால் ஒற்றைக் குஞ்சை வாங்கவே கூடாது, குறைந்தது இரண்டு வேண்டும். குழந்தைகள் தூக்கி விளையாடட்டும், முத்தம் மட்டும் வேண்டாம். வாத்தின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆறேழு வாரத்தில் உடம்பெங்கும் இறகு மூடிவிடும். அப்போது கொல்லையோ மாடியோ தயாராக இருக்க வேண்டும். குரல் பிரிவதும் ஏறக்குறைய அப்போதுதான்: உரக்கக் கத்துவது பெட்டை, கரகரவென்று அடங்கிய குரலில் முனகுவது ஆண். பிற்பாடு ஆணுக்கு வாலில் ஒரு இறகு சுருண்டு நிற்கும். ஒரு பெட்டைக்கு இரண்டு ஆண் என்று அமைந்தால் அந்தப் பெட்டை படும் துன்பம் பார்க்கச் சகிக்காது. வீட்டுக்குப் பெட்டைகள் மட்டுமே போதும். முட்டை இட ஆண் தேவையில்லை.

இடமில்லை என்று தெரிந்ததும் ராமநாயக்கன் ஏரியிலோ கெலவரப்பள்ளி அணையிலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். காக்கி கேம்பலுக்குத் தப்பித்துப் பறக்கத் தெரியாது; தெருநாய்களுக்கு அது ஒரு இரவு இரை. பெங்களூர்க் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளியில் நுரை தள்ளுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காட்டு நீர்ப்பறவைகளோடு கலப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. நோய்க்குறியே காட்டாமல் பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்க வாத்தால் முடியும். 2012 அக்டோபரில் ஹெசரகட்டா பண்ணையிலேயே வான்கோழிகளில் பறவைக் காய்ச்சல் கண்டு, ஆயிரக்கணக்கான பறவைகள் அழிக்கப்பட்டன. ஏரியில் சுற்றும் புள்ளி மூக்கு வாத்தின் குஞ்சைப் பிடித்து வருவதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கொல்லையில் விட்ட வாத்துக்குப் பெரிய குளம் தேவையில்லை. தலையை முழுசாக முக்கிக் குளிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் இது செலவுதான். தினம் மாற்றும் கலங்கிய தண்ணீர் ரோஜாத் தொட்டிகளுக்கு நல்ல உரம், ஓசூரில் ரோஜா இல்லாத வீடு ஏது? எட்டு வாரத்துக்கு மேல் வாத்துப் பிளேக் தடுப்பூசி போட வேண்டும். இரவில் கீரியும் நாயும் நுழையாத கூண்டு கட்டாயம். ஐந்து மாத வாக்கில் முட்டை வரும். பெரும்பாலும் விடியற்காலையிலேயே இட்டுவிடும் என்பதால், காலை ஒன்பது மணிக்குப் பிறகு திறந்துவிட்டால் முட்டைகள் கூண்டுக்குள்ளேயே கிடைக்கும். பெட்டைகளின் கத்தலைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்கும் அதில் இரண்டு கொடுத்துவிடுங்கள்.