நாகசாகியில் ஒரு பகல்

கிழக்காசியச் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் துறைமுகங்களில் நாகசாகி நடந்தே சுற்ற ஏற்ற ஊர். யோகோகாமாவில் இறங்குவோர் டோக்கியோவுக்கு ரயில் பிடிக்க வேண்டும். இங்கே மட்சுகாயே துறையை ஒட்டியே ஊர் தொடங்கிவிடுகிறது. பக்கத்திலேயே 1864இல் கட்டி முடிக்கப்பட்ட ஓவுரா தேவாலயம். அதற்கு மேலே குன்றில், ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவரின் மரவீடு.

ஜப்பான் அந்நியருக்குக் கதவடைத்திருந்த காலத்தில், 1641 முதல் டச்சு வணிகர்கள் தங்கவைக்கப்பட்ட இடம் தெஜிமா. விசிறி வடிவில் கடலில் எழுப்பிய செயற்கைத் தீவு அது. சுற்றியிருந்த கடலைத் தூர்த்துவிட்டதால் இன்று ஊருக்குள் இருக்கிறது. தீவைத் தேடிப் போகிறவர் திகைப்பார்.

டிராமில் வடக்கே உரகாமி பகுதிக்குச் சென்றால், 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்த இடமும் அருங்காட்சியகமும் அமைதிப் பூங்காவும் அருகருகே உள்ளன. அருங்காட்சியகம் அவசரமாகப் பார்க்கக்கூடியதல்ல. நேரம் குறைவென்றால் குளோவர் வீட்டை விட்டுவிடலாம்.