பசிதான் கடிகாரம்

90களில் தமிழ்நாட்டு வீடுகளில் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை மரியோவும் கான்ட்ராவும்தான். அதே மாதிரி கேசட்டுகளில் வந்த 'அட்வென்ச்சர் ஐலண்ட்' பற்றிப் பேசுவோர் குறைவு. புல்லாடையும் வெள்ளைத் தொப்பியுமாகக் கல்கோடரி வீசிக்கொண்டு ஓடும் நாயகனின் ஆட்டம் அது. ஜப்பானின் ஹட்சன் சாஃப்ட் 1986இல் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்டது. மரியோவுக்கு மலிவான மாற்று என்று இதை ஒதுக்குவது தவறு. மரியோவில் நேரம் என்பது திரையின் மேல் மூலையில் குறைந்துகொண்டே வரும் எண். பெரும்பாலும் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே நேரமும் உயிரும் ஒன்று. உயிர்க்கோடு நொடிக்கு நொடி தேய்கிறது, வழியில் கிடைக்கும் பழங்களைத் தின்றால் வளர்கிறது. நின்று யோசித்தால் பசியே கொன்றுவிடும். கல்லில் இடறினாலும் கோடு குறையும். முட்டைக்குள்ளிருந்து கத்தரிக்காய் வந்து ஒட்டிக்கொண்டால் அது வேகமாக வடியும். ஸ்கேட்போர்டு கிடைப்பது அதிர்ஷ்டம்தான், ஒரு அடியை அது தாங்கும். ஆனால் ஏறிவிட்டால் வேகத்தைக் குறைக்கலாமே தவிர நிற்க முடியாது. பரிசையே ஆபத்தாக்கும் இந்தச் சிந்தனை எத்தனை அழகு!

இது வெறும் காப்பி என்பார்கள். சேகாவுக்காக உருவான 'வொண்டர் பாய்'தான் இதன் மூலம், உண்மை. ஆனால் ஹட்சன் திருடவில்லை. ஆட்டத்தை மாற்றி வெளியிட உரிமை பெற்றது. நாயகனின் உரிமை சேகாவிடம் இருந்ததால், விநாடிக்கு 16 முறை பொத்தானை அழுத்திப் புகழ்பெற்ற தன் ஊழியர் தகாஹாஷியை நாயகனாக்கியது. அடுத்த ஆண்டே வொண்டர் பாய் வாளும் கடையும் நாணயமுமாக வேறு பாதைக்குப் போய்விட்டது. பழம் தின்று ஓடும் அந்த மூல ஆட்டத்தை 1991இல் வந்த இரண்டாம் பாகத்திலும் டைனோசர்களோடு சேர்த்து வளர்த்தது ஹட்சன்தான்.

கடினம் என்ற குறை இன்னும் வலுவானது. எதிரி தொட்டாலே ஓர் உயிர் போய்விடும், 32 சுற்றுகள், சேமிக்கும் வசதியும் கிடையாது. முதல் சுற்றின் முடிவில் ஒளிந்திருக்கும் தேனீயைக் கண்டுபிடிக்காதவர் உயிர்கள் தீர்ந்ததும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். இந்த ரகசியத்தை இவ்வளவு மறைத்தது ஹட்சனின் பிழையே. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எதிரிகள் வரும் இடம் மாறுவதில்லை. சேலத்திலிருந்து ஏர்க்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய ஓட்டுநர், வளைவு கண்ணில் படும் முன்பே கியரை மாற்றுவார். இங்கும் அப்படித்தான்: தோற்ற இடமெல்லாம் விரலில் பதிகிறது, அடுத்த முறை அங்கே தாவல் தானாக வருகிறது.